அரளி இலையின் அடியில் இருக்கும் குழிகள்

அரளி இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் நடுநரம்புக்கு இருபுறமும் வெளிறிய புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு புள்ளியும் ரோமம் அடர்ந்த குழி. செடி மூச்சுவிடும் இலைத்துளைகள் எல்லாம் அந்தக் குழிகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

கரியமில வாயுவை உள்ளே எடுக்க இலைத்துளை திறந்தாக வேண்டும்; திறந்தால் நீராவி வெளியேறும். துளை இலையின் பரப்பிலேயே இருந்தால் அந்த ஈரத்தைக் காற்று உடனே வாரிக்கொண்டு போகும். குழிக்குள் இருந்தால் ஈரக்காற்று அங்கேயே தங்குகிறது, ரோமங்கள் வெளிக்காற்றைத் தடுக்கின்றன, நீரிழப்பு மட்டுப்படுகிறது. இலையின் மேற்புறத்தையோ தடித்த மெழுகுப் படலம் மூடியிருக்கிறது.

இதை வைத்து அரளியைப் பாலைவனச் செடி என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் அது தானாக வளரும் இடம், கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்றுப்படுகை. மத்தியதரைக் கடலோரத்தில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடையில் மேலே கூழாங்கல் சுடும்போது, வேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போயிருக்கும். பொம்பேயி நகரத்துச் சுவரோவியத் தோட்டங்களிலும் அரளி பூத்து நிற்கிறது, கி.பி. 79இல் எரிமலை மூடிய ஊர் அது.

வீட்டில் வளர்ப்பவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இங்கேதான். நாள்தோறும் கொஞ்சம் நீர் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். முதல் ஆண்டில் ஒருமுறை ஆழமாக நனையும்படி ஊற்றி, மேல்மண் நன்கு காய்ந்த பிறகே மறுபடி ஊற்றுங்கள். வேர் கீழே இறங்கிவிட்டால் வறட்சியைத் தானே தாங்கும். முழு வெயில் வேண்டும். நிழலில் தழைக்கும், பூக்காது. புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வரும் என்பதால் பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்யலாம்.

அப்போது கையுறை கட்டாயம். இலை, பூ, வேர் எல்லாமே நஞ்சு. அதிலுள்ள ஒலியாண்ட்ரின், இதயச் செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும் அமைப்பை முடக்கி, துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துவிடும். குச்சியை எரித்தால் புகையும் ஆபத்து. சிறு குழந்தைகளும் ஆடுமாடுகளும் உலவும் இடத்தில் இதை நடவே வேண்டாம் என்பேன். மஞ்சள் அரளி வேறு செடி, மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் அதுவும் நஞ்சுதான்.

இத்தனை நஞ்சையும் தின்று வளரும் ஒரு புழு உண்டு. பச்சை உடல், தலைப்பக்கம் நீலக் கண்போன்ற இரு பொட்டுகள். அதைக் கண்டால் மருந்தடிக்காதீர்கள். சில நாளில் மண்ணுக்குப் போய்க் கூட்டுப்புழுவாகி, பச்சைச் சிறகுள்ள அழகிய அந்துப்பூச்சியாக வெளிவரும். தின்ற கிளை மீண்டும் தளிர்த்துவிடும்.