வைப்பர் ஏன் கத்துகிறது?

பழைய காரில் வைப்பர் சத்தம் போட்டால் முதலில் மாற்றப்படுவது பிளேடுதான். புதுசு போட்டும் சத்தம் நிற்கவில்லை என்றால் அந்த பிளேடு மட்டம் என்று முடிவுகட்டி, இன்னொன்று வாங்குவார்கள். ஆனால் பழைய வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கும்: கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் படலம், அல்லது நாளடைவில் லேசாக முறுக்கிக்கொண்ட வைப்பர் கை, அதாவது பிளேடைத் தாங்கும் உலோகத் தண்டு. சத்தம் எப்போது, எந்தத் திசையில் வருகிறது என்று கவனித்தாலே எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பிளேடின் ரப்பரைக் குறுக்காகப் பார்த்தால், கண்ணாடியைத் தொடும் மெல்லிய விளிம்பு மேல்பகுதியோடு ஒரு குறுகிய கழுத்தால் இணைந்திருக்கும். வைப்பர் மேலே போகும்போது விளிம்பு கீழ்ப்பக்கம் சாய்ந்து பின்னால் இழுபட்டு வரவேண்டும். திரும்பும்போது கழுத்து மடங்கி, விளிம்பு மறுபக்கம் புரளவேண்டும். பின்னால் இழுபடும் விளிம்பு அமைதியாக வழுக்கும். முன்னால் தள்ளப்படும் விளிம்பு கண்ணாடியில் குத்தி நின்று, துள்ளித் துள்ளிப் போகும்.

நன்றாக நனைந்த கண்ணாடியில் ரப்பருக்கு அடியில் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் உராய்வு குறைவு. தொல்லையெல்லாம் தூறல் நின்று கண்ணாடி பாதி காயும்போதுதான். ரப்பர் ஒட்டிக்கொள்ளும், கை இழுக்க இழுக்க வளையும், தாங்காமல் விடுபட்டு வழுக்கும், மறுபடி ஒட்டும். வயலின் நரம்பில் வில் செய்வதும் இதே வேலைதான். இது நொடிக்கு ஆயிரம் முறை அளவில் நடந்தால் ‘கீச்’ என்று கேட்கும். நொடிக்குச் சில பத்து முறை என்றால் ‘தடதட’வென்று பிளேடு குதித்து, கண்ணாடியில் வரிவரியாக நீரை விட்டுப்போகும்.

வாஷர் நீரைத் தாராளமாக அடித்து, குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நனைந்திருக்கும்வரை அமைதி, காயக் காயச் சத்தம் என்றால் கண்ணாடியும் ரப்பரும் சந்தேகத்துக்குரியவை. ஒரு திசையில் மட்டும் தடதடத்தால் பெரும்பாலும் கை முறுக்கியிருக்கிறது. நனைந்தாலும் காய்ந்தாலும் ஒரே மாதிரி முனகினால், கோளாறு பானெட்டுக்குக் கீழே இருக்கும் மோட்டார், அதன் அசைவை வைப்பர் கைகளுக்குக் கடத்தும் தண்டுகளான லிங்கேஜ் பக்கம்.

கண்ணாடியிலிருந்து தொடங்குவது நல்லது. அதிகச் செலவில்லாத வேலை. அதன்மேல் நீர் தெளித்தால் சீராகப் பரவவேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் மெழுகோ டீசல் புகையின் பிசுக்கோ படிந்திருக்கிறது. சோப்பு நீரால் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். அப்போதும் முத்தாகத் திரண்டால், கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பொடியை நீரில் குழைத்து, ஈரமான ஃபெல்ட் துண்டால் சிறு சிறு பகுதியாகக் கையால் தேய்க்கலாம். குழம்பு காயவிடக் கூடாது. நீர் ஒட்டாமலிருக்கப் பூசும் திரவங்கள்கூடப் பல வண்டிகளில் தடதடப்பைக் கொண்டுவருகின்றன, நீர்ப்படலம் நிற்க அவை விடுவதில்லை.

ரப்பர் விளிம்பை ஆல்கஹால் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். கறுப்பாக வருவதில் உராய்வைக் குறைக்கும் கிராஃபைட் பூச்சும் இருக்கும், அழுத்தித் தேய்க்காதீர்கள். விளிம்பு மழுங்கியிருந்தாலோ, வெயிலில் இறுகி ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றாலோ மாற்றத்தான் வேண்டும். எண்ணெய், மண்ணெண்ணெய், கிரீஸ் எதையும் ரப்பரில் தடவாதீர்கள்: ரப்பர் ஊதிப்போகும், கண்ணாடியில் புதுப் படலமும் சேரும்.

இனி கை. வைப்பர் பாதி தூரத்தில் இருக்கும்போது சாவியை அணைத்து அங்கேயே நிறுத்துங்கள். கண்ணாடியின்மேல் தடித்த துண்டை மடித்துப் போட்டபிறகே பிளேடைக் கழற்றவேண்டும். பிளேடு இல்லாத வைப்பர் கை ஸ்பிரிங் வேகத்தில் அடித்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பிளேடு மாட்டும் தட்டையான முனை கண்ணாடிக்கு இணையாக இருக்கிறதா என்று முனைப்பக்கமிருந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் இரண்டு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் கையைச் சற்று மேலே இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் முனையை ஒன்றிரண்டு டிகிரி மட்டும் திருப்புங்கள். ஒரே ஸ்பேனரால் திருகினால் விசை முழுவதும் அடியிலுள்ள மூட்டுக்குப் போகும். மேலே போகும்போது தடதடத்தால், ரப்பர் விளிம்பு சற்றுக் கீழ்ப்பக்கம் சாயும்படி திருப்பவேண்டும்; கீழே வரும்போது என்றால் நேர் எதிராக. பிளேடை மாட்டி, நனைத்து ஓட்டிப் பாருங்கள். சத்தம் எதிர்த்திசைக்கு மாறியிருந்தால் அளவு மீறிவிட்டது, பாதி திரும்பி வாருங்கள்.

அழுத்தத்தையும் அளக்கலாம். பிளேடின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் சுமார் 15 கிராம் என்பது பொதுவான கணக்கு, 50 செ.மீ. பிளேடுக்கு ஏறக்குறைய 750 கிராம். பிளேடு மாட்டும் இடத்தில் ஸ்பிரிங் தராசைக் கோத்து, கண்ணாடிக்குச் செங்குத்தாக இழுத்து, ரப்பர் மெல்ல விலகும் நொடியில் பாருங்கள். அளவு பொருந்தாவிட்டால் கையின் கீல் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையை ஏற்றி இறக்கி, வழிவதைத் துடைத்துவிடுங்கள். ஸ்பிரிங்கே தளர்ந்திருந்தால் கையையே மாற்றுவது மேல்.

மோட்டார் பக்கத்தைப் பிரித்தறிய, கை நின்ற இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, இரு வைப்பர் கைகளையும் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டுங்கள். முனகல் தொடர்ந்தால் மோட்டாரின் கனெக்டரைப் பிடுங்கிய பிறகே கண்ணாடிக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியைத் திறந்து விரல் நுழைக்கவேண்டும். அந்த லிங்கேஜ் விரலை நசுக்கும் வலு உள்ளது. ஒவ்வொரு திருப்பத்திலும் ‘டொக்’ என்று கேட்டிருந்தால், லிங்கேஜின் பந்து மூட்டுகளில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் (உள்வளையம்) தேய்ந்து ஆடுகிறது. சில வண்டிகளுக்குப் புஷ் தனியாகக் கிடைக்கும், இல்லாவிட்டால் லிங்கேஜ் முழுவதும் மாற்றவேண்டும். தண்டுகள் சுழலும் இடத்தில் கெட்டியான பழைய கிரீஸை வழித்தெடுத்து லித்தியம் கிரீஸ் வையுங்கள். மோட்டாரைத் தாங்கும் ரப்பர் வாஷர்களையும் அழுத்திப் பாருங்கள். அவை காய்ந்து நொறுங்கியிருந்தால், நல்ல மோட்டாரின் சாதாரண ரீங்காரம்கூடத் தகரத்தில் ஏறி வண்டிக்குள் பெரிதாகக் கேட்கும்.