சொந்த கிளவுட் வைப்பவர்கள் கவனிக்க: லாகின் பக்கம் திறந்த பிறகு செய்ய வேண்டியவை

டெபியன் லினக்ஸ் ஓடும் சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகளையும் படங்களையும் நம் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ள உதவும் மென்பொருள்) நிறுவ ஒரு மாலைப்பொழுது போதும். அதற்குத் துணையான என்ஜின்எக்ஸ் (இணைய சர்வர்), பிஎச்பி (நிரல் மொழி), மரியாடிபி (டேட்டாபேஸ்), ரெடிஸ் (தற்காலிக நினைவகம்) எல்லாம் டெபியனிலேயே கிடைக்கின்றன, வழிகாட்டிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல, லாகின் பக்கம் திறந்ததும் முடிந்துவிடுகின்றன. குடும்பப் படங்களும் பத்திர நகல்களும் தொலைவது அதற்குப் பிந்தைய மாதங்களில்தான். தொலைவதற்கான வழிகள் சிலவே. படங்களை ஏற்றும் முன்பே அந்த வழிகளை அடைத்துவிடலாம்.

முதலில் டிஸ்க். தரவு ஃபோல்டரை யுஎஸ்பி டிஸ்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் டிஸ்கை லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸில் ஓடிய என்டிஎஃப்எஸ் டிஸ்கை அப்படியே செருகினால் உரிமையாளர், அனுமதி விவரங்கள் சரியாக நிற்காமல் நெக்ஸ்ட்கிளவுட் முரண்டு பிடிக்கும். எந்த டிஸ்கை எந்த ஃபோல்டரில் இணைக்க (மவுண்ட் செய்ய) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற டிஸ்க் பெயர்களை எழுதாதீர்கள். மறுதொடக்கத்தில் அந்தப் பெயர்கள் இடம் மாறக்கூடும். டிஸ்கின் தனி அடையாளக் குறியான யுயுஐடியை எழுதுங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு டிஸ்க் மவுண்ட் ஆகாமலே சர்வர் எழுந்துவிடுவது அடிக்கடி நடக்கும். அப்போது தரவு ஃபோல்டர் காலியாகத் தெரியும். அதனுள் இருக்க வேண்டிய சிறிய மறைகோப்பு ஒன்றைக் காணாமல் நெக்ஸ்ட்கிளவுட் பிழை காட்டி நின்றுவிடும். அந்தக் கோப்பு இருப்பதே இந்தப் பாதுகாப்புக்காகத்தான். இணையத்தில் தேடி, 'அந்தக் கோப்பை நீங்களே உருவாக்குங்கள்' என்ற பதிலைப் பார்த்து அப்படியே செய்பவர்கள் பலர். தயவுசெய்து செய்யாதீர்கள். செய்தால் போனிலிருந்து வரும் படங்கள் சிஸ்டம் டிஸ்கில் போய் விழும். அந்த நிலையில் ஸ்கேனும் (ஃபோல்டரில் உள்ள கோப்புகளை டேட்டாபேஸோடு ஒப்பிடும் வேலை) ஓடிவிட்டால் பழைய கோப்புகளின் பதிவுகள் டேட்டாபேஸிலிருந்து நீங்கும். கணினியையும் சர்வரையும் ஒரே நிலையில் வைக்கும் சிங்க் செயலி அதை 'சர்வரில் அழித்துவிட்டார்கள்' என்றே எடுத்துக்கொண்டு கணினியிலும் அழிக்கப் பார்க்கும். பிழையைக் கண்டதும் முதலில் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நிரந்தரத் தீர்வு இரண்டு உண்டு. டிஸ்கைக் கழற்றிய நிலையில், மவுண்ட் செய்யும் காலி ஃபோல்டருக்கு சாட்டர் கட்டளையால் 'மாற்ற முடியாதது' என்ற குறியை இடுங்கள். பிறகு டிஸ்க் இல்லாதபோது ரூட் பயனர்கூட அதில் எழுத முடியாது. கூடவே, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில், அந்த மவுண்ட் இல்லாமல் பிஎச்பி சேவை தொடங்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள்.

டோக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டி போல ஓட்டும் முறை) ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: டெபியன் படிமத்தில் (இமேஜ்) இணைய சேவையை ஓட்டும் பயனரின் எண் 33, ஆல்பைன் படிமத்தில் 82. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் கோப்புகளின் உரிமையையும் மாற்ற வேண்டும்.

தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு வரும் சிக்கலை ஆங்கில வழிகாட்டிகளில் பார்ப்பது அரிது. எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. யுடிஎஃப்-8 என்ற குறியேற்ற முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கி' என்பது இரண்டு குறியீடு, ஆக 6 பைட். மொத்தம் 85 குறியீடுதான் கொள்ளும், அதாவது ஐம்பது அறுபது எழுத்து. விண்டோஸில் 255 குறியீடு வரை இடம் உண்டு என்பதால், அங்கே ஒழுங்காக இருந்த நீளமான பெயர் இங்கே ஏறாது. இன்னொன்று, 'கொடைக்கானல்' என்ற பெயரில் உள்ள 'கொ'. ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் டிஸ்குகள் பிரித்தே வைக்கும். நெக்ஸ்ட்கிளவுட் சேர்ந்த வடிவத்தை எதிர்பார்க்கும். அப்படிப்பட்ட டிஸ்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் நேரடியாகத் தரவு ஃபோல்டரில் கொட்டினால், கண்ணுக்குப் பெயரில் எந்தக் குறையும் தெரியாது. ஸ்கேன் மட்டும் அந்தக் கோப்பைத் தாண்டிப் போய்விடும். கன்வ்எம்வி என்ற நிரலால் பெயர்களை என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

பதிவேற்றத்தில் 413 பிழை (கோப்பு மிகப் பெரியது என்று பொருள்) வந்தால் வரம்புகளைப் பாருங்கள்: என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிதான் அனுமதிக்கும், பிஎச்பி 2 எம்பி. அடுத்து, வெளியிலிருந்து சர்வரை அடைவது. ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட் (இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். போர்ட் திறந்து பயனில்லை. வீட்டார் மட்டும் பயன்படுத்துவதானால், பொது முகவரி உள்ள சிறிய வாடகை சர்வர் வழியாக வயர்கார்டு விபிஎன் போடுவதே என் பரிந்துரை. லாகின் பக்கம் வெளியுலகுக்குத் தெரியவே வேண்டாம்.

இனி பேக்கப். சிங்க் என்பது பேக்கப் ஆகாது. போனில் அழித்தது சர்வரிலும் அழியும். குப்பைத்தொட்டி இயல்பாக 30 நாள் வைத்திருக்கும், இடம் குறைந்தால் அதற்கு மேல் உத்தரவாதமில்லை. பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டும் பேக்கப் ஆகாது. பராமரிப்பு நிலையை (பயனர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நிலை) இயக்கி, டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்), தரவு ஃபோல்டர், கான்ஃபிக் (அமைப்புகள்) ஃபோல்டர் மூன்றையும் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். கான்ஃபிக்கை விட்டுவிடுபவர்கள் அதிகம். அதிலுள்ள ரகசியச் சரம் இல்லாமல், சர்வர் பக்க என்கிரிப்ஷன் போட்ட கோப்புகள் திறக்கமாட்டா. பேக்கப்பை என்கிரிப்ட் செய்து வைக்கும் ரெஸ்டிக் போன்ற கருவி என்றால் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வேறோர் இடத்தில் வையுங்கள். அதைத் தொலைத்தால் பேக்கப்பும் போனதுதான். ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். அதை அழிக்கும் அதிகாரம் சர்வரிடம் இருக்கக் கூடாது. பேக்கப் கணினி தானே வந்து இழுத்துக்கொள்வது நல்லது.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். பழைய மடிக்கணினி ஒன்றில் அதே பதிப்பை நிறுவி, மூன்றையும் இறக்கி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். இந்த ஒத்திகையை வெளி இணைப்பு இல்லாமல் செய்யுங்கள், சிங்க் செயலிகள் தவறிப்போய் இதனோடு பேசத் தொடங்கிவிடக் கூடாது. உண்மையிலேயே மீட்க நேர்ந்தால், பராமரிப்பு நிலையை விலக்கும் முன் ஓசிசி என்ற நெக்ஸ்ட்கிளவுட் கட்டளைக் கருவியில் உள்ள 'டேட்டா ஃபிங்கர்பிரிண்ட்' கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள். சர்வர் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது என்று சிங்க் செயலிகளுக்கு அதுதான் தெரிவிக்கும். அதை ஓட்டாவிட்டால், பேக்கப்புக்குப் பின் கணினியில் சேர்ந்த புதிய கோப்புகளைச் சர்வரில் காணோம் என்று செயலி அங்கேயும் அழிக்கப் பார்க்கும்.