லத்தூர் ஒயின் ஏன் இவ்வளவு மெதுவாக முதிர்கிறது?

பிரான்சின் போர்தோ பகுதியில் ஒரு பழைய வியாபார வழக்கம் உண்டு. இலையுதிர் காலத்தில் திராட்சையைப் பறித்து நொதிக்க வைப்பார்கள், ஒயின் பீப்பாயில் கிடக்கும்போதே அடுத்த வசந்தத்தில் விலை பேசி விற்றுவிடுவார்கள். வாங்கியவர் கைக்குப் பாட்டில் வந்து சேர இன்னும் ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். 2012இல் ஷாத்தோ லத்தூர் என்ற புகழ்பெற்ற ஒயின் தோட்டம் இந்த வழக்கத்தை விட்டு வெளியேறியது. 2011 அறுவடைதான் அவர்கள் அப்படி முன்கூட்டி விற்ற கடைசி ஒயின். அதற்குப் பின் வந்ததையெல்லாம் தங்கள் நிலவறையிலேயே வைத்திருந்து, குடிக்கும் பதம் வந்துவிட்டது என்று அவர்களுக்குத் தோன்றும்போதுதான் வெளியே விடுகிறார்கள். விலைக் கணக்கும் அதில் இருந்திருக்கும்தான். ஆனாலும் அந்த முடிவுக்கு அடியில் நல்ல வேதியியல் ஒன்று இருக்கிறது. நல்ல ஆண்டில் விளைந்த லத்தூர் இளசாக இருக்கும்போது கரடுமுரடாக, வாயை இறுக்கிப் பிடிப்பதாக இருக்கும். பதினைந்து, இருபது வருஷம் போனால்தான் தன்னைத் திறந்து காட்ட ஆரம்பிக்கும்.

போர்தோ நகரத்திலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால், ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில் போயாக் என்ற சிற்றூர் வரும். அதன் தென் எல்லையில் இருக்கிறது லத்தூர். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர்க் காலத்தில் ஆற்றைக் காவல் காத்த கோட்டை ஒன்று இங்கே இருந்தது. அது எப்போதோ அழிந்துவிட்டது, இன்று தோட்டத்து நடுவில் நிற்கும் வட்டக் கோபுரம் 17ஆம் நூற்றாண்டில் புறாக்களுக்காகக் கட்டியது. 1695இல் ஒரு திருமணத்தின் வழியாக செகூர் குடும்பத்திடம் வந்த இந்தத் தோட்டம், அவர்கள் வாரிசுகளிடமே 1960களின் தொடக்கம் வரை இருந்தது. 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக போர்தோவின் சிவப்பு ஒயின்களை வரிசைப்படுத்தியபோது முதல் தரத்தில் வைக்கப்பட்ட நான்கில் லத்தூரும் ஒன்று. அந்த வரிசையைப் போட்டவர்கள் தரகர்கள். பல பத்தாண்டுகளாக எந்த ஒயினுக்கு எவ்வளவு விலை கிடைத்தது என்பதுதான் அவர்கள் கையில் இருந்த அளவுகோல். அந்த விலை ஏன் கிடைத்தது என்ற கேள்விக்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது.

முதலில் அந்தக் கரடுமுரடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நாவல்பழம் தின்றால் நாக்கு வறண்டு கன்னத்தின் உட்புறம் சுருங்கியது போல இருக்கும் இல்லையா, அதே துவர்ப்புதான். டானின் என்ற சேர்மங்கள் நம் எச்சிலில் இருக்கும் வழவழப்பான புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்த வழவழப்பு போனதும் நாக்கும் அண்ணமும் உரசிக்கொள்வதை நாம் துவர்ப்பாக உணர்கிறோம். திராட்சையில் டானின் இருப்பது தோலிலும் விதையிலும். சிவப்பு நிறம் தரும் அந்தோசயனின்களும் தோலில்தான். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சாறு நிறமற்றது, தோலை எடுத்துவிட்டால் வெள்ளை ஒயின்கூடச் செய்யலாம். ஆக, சிவப்பு ஒயினின் குணம் என்பது சாற்றுக்கு எவ்வளவு தோல் இருக்கிறது என்ற கணக்கில் பெரிதும் அடங்கியிருக்கிறது.

லத்தூரின் பிரதான ஒயினில் இப்போதெல்லாம் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கபெர்னே சோவிஞோன் திராட்சை. மீதி பெரும்பாலும் மெர்லோ என்ற இன்னொரு கறுப்புத் திராட்சை. கபெர்னே சோவிஞோன், கபெர்னே ஃபிரான் என்ற கறுப்புத் திராட்சைக்கும் சோவிஞோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த குழந்தை என்பது 1997இல் கலிஃபோர்னியாவில் செய்த டிஎன்ஏ ஆய்வில் தெரியவந்தது. சின்னப் பழம், தடித்த தோல். ஒரு பழத்தின் விட்டம் பாதியானால் அதே அளவு சாற்றுக்கு இரண்டு மடங்கு தோல் கிடைக்கும், இது வெறும் வடிவியல். இந்த வகைக்கு ஒரு சிக்கலும் உண்டு. பழுக்க நிறைய நாள் எடுத்துக்கொள்ளும், பழுக்காமல் பறித்தால் பைரசின் என்ற சேர்மம் தங்கி ஒயினில் குடைமிளகாய் வாடை அடிக்கும். அதனால் கபெர்னேவுக்குச் சூடான மண் வேண்டும், ஆனால் தண்ணீர் அதிகம் கிடைத்துப் பழம் ஊதிவிடவும் கூடாது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

லத்தூரில் அமைந்திருக்கிறது. தோட்டத்தின் மையத்தில் வீட்டைச் சுற்றியுள்ள 47 ஹெக்டேர் நிலத்தை லாங்குளோ என்று அழைக்கிறார்கள். பிரதான ஒயின் இந்தத் துண்டில் விளைந்த பழத்திலிருந்துதான் வருகிறது. வெளியே உள்ள துண்டுகளிலும் இளங்கொடிகளிலும் விளைந்தது, 1966 அறுவடையிலிருந்து தொடங்கிய இரண்டாம் ஒயினுக்கும் அதற்குப் பின் வந்த மூன்றாவதுக்கும் போகிறது. லாங்குளோவின் மேல்மண் கிட்டத்தட்ட முழுக்கக் கூழாங்கல். பனியுகக் காலங்களில் பிரெனீஸ் மலைகளிலிருந்தும் நடு பிரான்சின் மேட்டுநிலத்திலிருந்தும் ஆறுகள் அடித்துக்கொண்டுவந்து மேடு மேடாகக் குவித்துவிட்டுப் போன கற்கள். கோதுமை போட்டால் விளையாது. அந்த மேட்டைச் சுற்றி அக்காலத்தில் சதுப்பு நிலம், 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வந்து வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகுதான் போயாக்கை உள்ளடக்கிய மெதோக் பகுதியில் திராட்சை பெரிய அளவில் பரவியது.

கல்லின் சுவை ஒயினில் இறங்குகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கூழாங்கல்லுக்குச் சுவையும் இல்லை, கொடி அதை உறிஞ்சுவதும் இல்லை. உண்மையில் நடப்பது இதைவிட அழகானது. போர்தோ பல்கலைக்கழகத்தின் ஜெரார் செகான் என்ற மண்ணியல் அறிஞர் மெதோக்கின் சிறந்த தோட்டங்களில் பல வருஷம் மண்ணைத் தோண்டி, வேர்களையும் ஈரத்தையும் அளந்து பார்த்தார். புகழ்பெற்ற மண்களுக்கெல்லாம் பொதுவான ரகசியக் கனிமம் எதையும் அவர் காணவில்லை. கண்டது ஒரே ஒரு பொதுக் குணம்: தண்ணீரை அளந்து கொடுக்கும் திறமை. மழை கொட்டினால் கூழாங்கல் வழியே நீர் விறுவிறுவென்று இறங்கிப்போய்விடும், கொடியின் காலடியில் தேங்காது. மழையே இல்லாத கோடையில், பல மீட்டர் கீழே போன வேர்கள் அங்கிருக்கும் களிமண்ணில் தங்கிய ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். லத்தூரில் கூழாங்கல்லுக்கு அடியில் அந்தக் களிமண் நல்ல கனமாகவே இருக்கிறது.

இதனால் கொடிக்கு என்ன ஆகிறது என்றால், கோடை நடுவில் அதற்கு லேசாகத் தாகம் எடுக்கிறது. சாகும் அளவுக்கு இல்லை, இலை உதிரும் அளவுக்கும் இல்லை. வேரில் உருவாகும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலைகளுக்குப் போய், துளைகளை மூடு, புதுத் தளிர் விடாதே என்று சொல்கிறது. தளிர் நின்றதும், இலை தயாரிக்கும் சர்க்கரைக்குப் போக வேறு இடம் இல்லை, பழத்துக்குத்தான் போகும். பழம் சின்னதாகவே இருந்துவிடும், தோலில் நிறமும் டானினும் கூடும். மழைக்காலம் கெட்டுப்போன ஆண்டுகளில்கூட லத்தூர் பக்கத்துத் தோட்டங்களைவிடத் தலைநிமிர்ந்து நிற்கும் என்று பெயர் வாங்கியதற்கு இந்த வடிகால்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஆறு. லாங்குளோவிலிருந்து கழிமுகம் சில நூறு மீட்டர்தான். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு சீக்கிரம் குளிராது, சீக்கிரம் சூடாகாது. 2017 ஏப்ரல் கடைசியில் போர்தோவை உறைபனி தாக்கியபோது பல பகுதிகளில் தளிர்கள் கருகிப்போயின, போயாக்கில் ஆற்றை ஒட்டிய தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. பகலில் சூடேறிய கற்களும் இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடுகின்றன. இந்த இரண்டும் சேர்ந்து கபெர்னேவுக்குத் தேவையான கடைசிச் சில நாள் முதிர்ச்சியைக் கொடுத்துவிடுகின்றன.

ஒயின் கூடத்தில் நடப்பது ஒப்பிட்டால் எளிமையானது. பழத்தைக் காம்பிலிருந்து பிரித்து, லேசாக நசுக்கி, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில் போடுகிறார்கள். 1963இல் தோட்டம் ஆங்கிலேய நிறுவனங்கள் கைக்குப் போன அடுத்த வருஷமே பழைய மரத் தொட்டிகளை எடுத்துவிட்டு எஃகுக்கு மாறியபோது நிறையப் பேர் கோபப்பட்டார்கள். ஆனால் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது வெப்பம் வெளிவருகிறது, கட்டுப்பாடு இல்லாமல் ஏறினால் ஈஸ்ட் செத்துவிடும், மணமும் போய்விடும். எஃகுச் சுவரில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு 30 டிகிரிக்குள் பிடித்துவைப்பது சுலபம். இதற்குள் கார்பன் டை ஆக்சைடு தோல்களை மேலே தூக்கித் தொப்பி போல மிதக்கவிடும். கீழிருக்கும் ஒயினை எடுத்து அதன் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தால் நிறமும் டானினும் கரைந்து இறங்கும். நிறம் நீரிலேயே கரையக்கூடியது, சாற்றில் சில நாளில் வந்துவிடும். விதையின் டானினுக்கு ஆல்கஹாலும் நேரமும் வேண்டும், அதனால் மொத்தம் மூன்று வாரம் போல ஊறவிடுகிறார்கள். பின்பு பாக்டீரியாக்கள் கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன.

அதன் பிறகு 225 லிட்டர் ஓக் பீப்பாய், பிரதான ஒயினுக்குப் பெரும்பாலும் புதுசு. ஓக்கின் வெனிலா, புகை மணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பீப்பாய் உள்ளே விடும் துளி ஆக்சிஜன். அந்த ஆக்சிஜன், ஒயினில் இருக்கும் இம்மியளவு இரும்பின் துணையோடு, சிறிதளவு எத்தனாலை அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அசெட்டால்டிஹைடு ஒரு டானினையும் ஒரு அந்தோசயனினையும் பாலம் போட்டு இணைத்துவிடும். தனியாக நின்றால் சில வருஷத்தில் வெளுத்துவிடும் நிறம், இப்படி டானினோடு கைகோத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். டானின் குறைவான ஒயின்களில் நிறத்துக்கு இந்தத் துணை போதுமான அளவு கிடைப்பதில்லை. லத்தூரில் தாராளமாகக் கிடைக்கிறது.

பாட்டிலுக்குள் போன பிறகும் வேலை நிற்பதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்டு, கரைய முடியாமல் அடியில் வண்டலாகப் படியும், அதனால் துவர்ப்பு குறையும் என்றுதான் ரொம்ப நாள் விளக்கம் சொன்னார்கள். அது பாதிதான். ஒயினின் அமிலத்தில் டானின் சங்கிலிகள் அறுபட்டு, வேறு விதமாகத் திரும்பச் சேர்ந்துகொண்டும் இருக்கின்றன. நிறத்தோடு பிணைந்த புதிய வடிவங்கள் எச்சில் புரதத்தைப் பழைய மாதிரி இறுக்கிப் பிடிப்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறமாக மாறுவது தெரியும். பழ வாசனை பின்வாங்கி, தேவதாரு மரம், புகையிலை, ஈரமான காட்டு மண் போன்ற வாசனைகள் முன்னே வரும். தொடக்கத்தில் டானின் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நாள் இந்த மாற்றம் ஓடும், வந்துசேரும் ஆக்சிஜனை அது தானே முன்வந்து வாங்கிக்கொள்வதால் ஒயின் சீக்கிரம் கெடவும் செய்யாது. 1961ஆம் வருஷத்து லத்தூர் அரை நூற்றாண்டு தாண்டியும் பேசப்பட்டது இதனால்தான்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இவை எல்லாமே சாதாரண வேதிவினைகள், வெப்பநிலை ஏறினால் வேகமாகும், அதுவும் எல்லாம் ஒரே அளவில் வேகமாகாது. 12லிருந்து 14 டிகிரியில், இருட்டில், அசையாமல் இருபது வருஷம் இருந்த பாட்டிலும், சூடான அறையில் ஐந்து வருஷம் கிடந்த பாட்டிலும் ஒரே இடத்துக்கு வந்துசேராது. சூட்டில் துவர்ப்பு இறங்குவதற்குள் மணம் செத்துவிடும். தோட்டத்தின் நிலவறையை விட்டு ஒருமுறையும் வெளியே போகாத பாட்டிலுக்கு, பல கைகள் மாறி ஏலத்துக்கு வரும் அதே வருஷத்துப் பாட்டிலைவிட அதிக விலை கொடுப்பவர்கள் பணம் கொடுப்பது அந்தக் குளிர்ச்சிக்குத்தான்.