டான்ஸ் தெரபி: சொல்லும் பொருளும்

சிறப்புப் பள்ளிகளிலும் மறுவாழ்வு மையங்களிலும் இப்போது அடிக்கடி காதில் விழும் பெயர் ‘டான்ஸ் தெரபி’. பேச்சுப் பயிற்சி, இயன்முறை மருத்துவம் என்று நீளும் வார அட்டவணையில் இதுவும் ஒரு கட்டத்தைப் பிடித்துவிட்டது. செய்தித்தாள்கள் ‘நடன சிகிச்சை’ என்று எழுதுகின்றன. சிலர் ‘நடன மருத்துவம்’ என்கிறார்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களோ ‘டான்ஸ் கிளாஸ்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு எதிர்பார்ப்பைக் கிளப்புகிறது. மருத்துவம் என்றால் நோய் போகும் என்று நினைப்போம். கிளாஸ் என்றால் ஆடக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்போம். அங்கே நடப்பது இரண்டிலும் அடங்காது. அதனால் இந்தச் சொல்லை வேர்வரை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ‘தெரபி’. இது கிரேக்கச் சொல். ‘தெரப்பேயா’ என்றால் பணிவிடை, உடனிருந்து கவனித்தல். அதைச் செய்பவர் ‘தெரப்போன்’. ஹோமரின் கிரேக்கக் காப்பியமான இலியத்தில் வீரன் அகிலீஸுக்குப் பட்ரோக்ளஸ் தெரப்போனாக இருக்கிறான். அவன் வைத்தியன் இல்லை; பக்கத்திலேயே நிற்கும் தோழன், உதவியாளன். குணப்படுத்துதல் என்ற பொருள் பிறகு வந்து மேலே ஏறிக்கொண்டது.

இதைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு ஒரு குறள் நினைவுக்கு வர வேண்டும். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து’ என்கிறது. நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து என்று மூன்றைச் சொல்லிவிட்டு, நான்காவதாக ‘உழைச்செல்வான்’ என்று ஒருவரைச் சேர்க்கிறார் வள்ளுவர். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் உழைச்செல்வான். தீர்ப்பவர் வேறு, உடனிருப்பவர் வேறு என்று பிரித்துக் காட்டிவிட்டார். தெரப்போன் என்பதற்கு இதைவிட நெருக்கமான தமிழ்ச் சொல் கிடைக்காது என்றே நினைக்கிறேன். டான்ஸ் தெரபி செய்பவர் யார் என்று கேட்டால் உழைச்செல்வான் வரிசையில்தான் அவரை வைப்பேன், தீர்ப்பான் வரிசையில் வைக்க மாட்டேன்.

‘சிகிச்சை’ என்ற சொல்லையும் குறை சொல்ல முடியாது. அது வடமொழியில் ‘சித்’ என்ற வேரிலிருந்து வந்தது. அக்கறையோடு நோக்க விழைதல் என்பது அதன் அடிப்பொருள். வேர் நல்ல வேர்தான். ஆனால் இன்று அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது? ‘சிகிச்சை பலனளித்தது’, ‘சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்’. பலன் என்ற சொல் ஒட்டிக்கொள்ளாமல் சிகிச்சை வருவதே இல்லை. மூளை முடக்குவாதமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள குழந்தையின் பெற்றோரிடம் ‘நடன சிகிச்சை’ என்று சொன்னால், எத்தனை மாதத்தில் சரியாகும் என்று அவர்கள் கேட்பது நியாயம்தானே? அந்தக் கேள்வியைச் சொல்லே உண்டாக்கிவிடுகிறது. ஆட்டிசம் குணமாகும் என்று நோட்டீஸ் அடித்துப் பணம் வாங்குபவர்களுக்கும் அந்தச் சொல்தான் கைகொடுக்கிறது. ஆட்டிசமும் டவுன் சிண்ட்ரோமும் ஆடிப் போக்கக்கூடிய நோய்கள் இல்லை. மனிதர்கள் இருக்கும் விதங்களில் அவையும் சில.

சரி, இந்த முறை எங்கே பிறந்தது? அமெரிக்காவில், வாஷிங்டன் நகரத்தில். மரியன் சேஸ் அங்கே நடனப் பள்ளி நடத்திவந்தார். மேடையில் ஆடும் ஆசையே இல்லாத சிலரும் தன்னிடம் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதை அவர் கவனித்தார். அவர்களுக்கு வேண்டியது என்ன என்று பார்த்துப் பார்த்து, அடவும் நிலையும் சரியாக வருவதிலிருந்து தன் கண்ணை ஆடுபவரின் மேல் திருப்பினார். மருத்துவர்களும் ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். 1942-இல் செயின்ட் எலிசபெத்ஸ் என்னும் அரசு மனநல மருத்துவமனை அவரை உள்ளே அழைத்தது. மனநோய்க்கான நவீன மாத்திரைகள் வருவதற்கு முந்தைய காலம் அது. உலகப்போரில் மனம் உடைந்து திரும்பிய வீரர்கள் வார்டுகளில் நிரம்பத் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் யாரிடமும் வாய் திறக்காதவர்களும் அங்கே உண்டு. அப்படிப்பட்டவர்களோடு பேச்சால் முடியாததை அசைவால் செய்து பார்த்தார் சேஸ். 1966-இல் அமெரிக்க டான்ஸ் தெரபி சங்கம் உருவானபோது அவர்தான் முதல் தலைவர்.

அவர் கையாண்ட முறையில் இன்றுவரை மாறாமல் இருப்பது இரண்டு: வட்டமாக நிற்பது, பிரதிபலிப்பது. இரண்டாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் மூலையில் நின்று இரண்டு கைகளையும் படபடவென்று உதறிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வகுப்பில் ‘கையைக் கீழே போடு’ என்பார்கள். இங்கே பயிற்றுநர் கொஞ்சம் தள்ளி நின்று, தன் கைகளையும் அதே வேகத்தில் உதறுவார். கேலியாகத் தெரிந்துவிடக் கூடாது. அதற்குத்தான் வருடக்கணக்கில் பயிற்சி. சிறுவன் ஒரு கணம் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். அவன் திரும்பப் பார்ப்பான். மறுபடி உதறுவான், இந்த முறை சோதித்துப் பார்ப்பதற்காக. அவரும் உதறுவார். அப்புறம் தன் உதறலைச் சற்றே மெதுவாக்கி, ஒரு தாளத்துக்குள் கொண்டுவருவார். சில நாள் அவன் அந்தத் தாளத்துக்குள் வருவான், சில நாள் வர மாட்டான். வந்துவிட்டால் அதுவரை தனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த ஓர் அசைவு இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் உரையாடலாகிவிடும். அடவு எதுவும் அவனுக்குச் சொல்லித்தரப்படவில்லை. அவனுடைய அசைவுதான் பாடம்.

ஆங்கிலப் பெயரில் டான்ஸோடு ‘மூவ்மென்ட்’ என்ற சொல்லும் பின்னால் சேர்ந்துகொண்டதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அசைவைத் தனிக் கலையாகவே ஆராய்ந்து, அதை எழுதிவைக்கக் குறியீட்டு முறையும் உண்டாக்கியவர் ருடால்ஃப் லாபான். அவருடைய மாணவி இர்ம்கார்ட் பார்ட்டெனீஃப் நியூயார்க்கில் போலியோ பாதித்தவர்களோடு வேலை செய்தார். படுக்கையில் கிடக்கும் ஒருவரிடம் போய் டான்ஸ் என்றால் என்ன அர்த்தம்? அவரால் ஒரு விரலைத் தூக்க முடியலாம், மூச்சை இழுத்து விட முடியலாம். அதிலிருந்து தொடங்கலாம் என்பதே இந்தத் துறையின் நிலை. மூவ்மென்ட்டுக்குத் தமிழில் ‘இயக்கம்’ என்று போடுகிறார்கள். எனக்கு ‘அசைவு’தான் பிடித்திருக்கிறது. இயக்கம் என்றால் நம் ஆட்களுக்கு முதலில் அரசியல்தான் நினைவுக்கு வரும்.

இனி டான்ஸுக்கு வருவோம். நடனம், நாட்டியம், நிருத்தம், கூத்து, ஆடல், ஆட்டம் என்று தமிழில் பஞ்சமே இல்லை. நாட்டியம் என்றதும் சலங்கையும் அரங்கேற்றமும் வந்துவிடுகின்றன, அதனால் அது வேண்டாம். கூத்து அருமையான பழஞ்சொல். ஆனால் ‘கூத்தடிக்காதே’ என்று திட்டித் திட்டி அதை நாமே கெடுத்துவைத்திருக்கிறோம். மிஞ்சுவது ஆடல். ‘ஆடு’ என்ற வினை எத்தனை இடங்களுக்குப் போகிறது பாருங்கள்: ஊசல் ஆடுகிறது, நீராடுகிறோம், விளையாடுகிறோம், உரையாடுகிறோம், கொண்டாடுகிறோம், தள்ளாடுகிறோம். மேடை வேண்டாம், இலக்கணம் வேண்டாம், அசைந்தால் ஆடல். லாபான் வழியில் சுற்றிப் போய் மேலைநாட்டார் அடைந்த பொருள் இந்தச் சின்ன வினைக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

‘நடமாடு’ என்ற சொல்லை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு. நடம் என்றால் ஆடல். தில்லையில் கூத்தன் நடமாடினான் என்று பாடுகிறோம். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட பெரியவரின் வீட்டுக்குப் போனால், ‘எழுந்து நடமாடுறாரா?’ என்று விசாரிக்கிறோம். நட என்ற வினையோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. எப்படியானாலும், ஆடலுக்கும் உடல் தேறுவதற்கும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது.

ஆடலையும் நோயையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. சங்கப் பாடல்களில் மகள் மெலிந்துபோனால் தாய் வேலன் என்னும் பூசாரியை அழைக்கிறாள். அவன் முருகனை ஏற்று வெறியாடுகிறான். இதைக் காட்டி ‘டான்ஸ் தெரபி தமிழனின் கண்டுபிடிப்பு’ என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். வெறியாட்டில் ஆடுபவன் வேலன்; நோயுற்றவள் ஆடுவதில்லை. அவள் நோய் காதல் என்பது தோழிக்குத் தெரியும், வேலனுக்குத் தெரியாது. பாட்டின் சுவையே அதில்தான். டான்ஸ் தெரபியில் ஆட வேண்டியவர் வந்திருப்பவர். பயிற்றுநர் அவரைப் பின்தொடர்கிறார். வித்தியாசம் பெரிது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் ஆடும் எல்லாமே தெரபி ஆகிவிடாது. லண்டனில் 1991-இல் தொடங்கிய காண்டோகோ குழுவில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். அது கலை, டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டியது. 1981-இல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு 1984-இல் மீண்டும் பரதம் ஆடினார். அதுவும் கலைதான். சக்கர நாற்காலியில் ஜோடியாக ஆடும் பாரா டான்ஸ் என்பது விளையாட்டுப் போட்டி. இவர்கள் ஆடுவதைத் தெரபி என்று அழைப்பது மரியாதைக் குறைவு. காலோ கண்ணோ இல்லாதவர் ஏதாவது செய்தால் அது வைத்தியமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது.

நடுவில் ஒரு வகை உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001 முதல் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு வகுப்பு நடத்துகிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அடையாளம் காட்டும் 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. இந்த நோயில் நடந்துகொண்டிருப்பவர் திடீரென்று உறைந்து நின்றுவிடுவார். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். அசைவுக்கு உள்ளிருந்து நேரம் குறித்துக்கொடுக்கும் மூளைப் பகுதி தடுமாறுவதால் வருவது இது. வெளியிலிருந்து ஒரு தாளம் கிடைத்தால், அல்லது தரையில் தாண்டுவதற்கு ஒரு கோடு தெரிந்தால், பலருக்கு அடுத்த அடி எழுகிறது. பாட்டு அந்த வேலையைச் செய்கிறது. ஆனாலும் அங்கே சொல்லிக்கொடுப்பவர்கள் நடனக் கலைஞர்கள். வருபவர்கள் நடன மாணவர்கள். இது நடன வகுப்பு என்பதில் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். அந்த உறுதி எனக்கு மிகவும் பிடித்தது. நாள் முழுக்க நோயாளியாக இருப்பவருக்கு ஒரு மணி நேரமாவது மாணவராக இருக்க வாய்ப்புக் கிடைக்கிறதே!

இந்தியாவில் திரிபுரா காஷ்யப் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். கொல்கத்தாவில் சோகினி சக்ரவர்த்தி 2004-இல் தொடங்கிய சன்வேத் அமைப்பு, கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களோடு ஆடல்வழி வேலை செய்கிறது. மருத்துவம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் வந்த மத்தியச் சட்டத்தின் பட்டியலில் நடன, அசைவுத் தெரபி செய்பவர்களின் பெயரும் சேர்ந்திருக்கிறது. பெயர் சட்டத்துக்குள் வந்துவிட்டதால் அதன் தமிழ் வடிவத்தையும் யோசித்து வைப்பது அவசியமாகிறது.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, பெரும்பாலும் சிறியவை. மனச்சோர்வுக்கு இது உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2015-இல் தேடியபோது, கணக்கில் எடுக்கத் தகுந்த ஆய்வுகளாகக் கிடைத்தவை மூன்றே மூன்று. எல்லாவற்றிலும் சேர்த்து 147 பேர். உறுதியாக எதுவும் சொல்ல அது போதாது என்று முடித்தார்கள். ஒரு மையம் இதைவிடப் பெரிய உறுதி கொடுத்தால் எங்கிருந்து வந்தது அது என்று கேளுங்கள்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்லலாம்? எனக்குத் தோன்றும் சொல் இலங்கைத் தமிழில் இருக்கிறது. மனம் நொந்தவருக்குத் துணைநிற்கும் பணியை அங்கே ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறார்கள், செய்பவர் ‘ஆற்றுப்படுத்துநர்’. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிப்படுத்துதல். பத்துப்பாட்டில் மலைபடுகடாத்துக்கு இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. ஆடுபவர்களுக்கு வழிகாட்டும் பாட்டு. இன்னொரு பக்கம், புண் ஆறுகிறது, துயரை ஆற்றுகிறோம், ஆறுதல் சொல்கிறோம். வழிகாட்டுவதும் தணிவிப்பதும் ஒரே ஒலிக்குள் வந்து சேர்கின்றன. குணமாக்குவேன் என்ற வாக்குறுதி மட்டும் அதில் இல்லை. டான்ஸ் தெரபிக்கு ‘ஆடல்வழி ஆற்றுப்படுத்தல்’ என்பது என் தேர்வு. நீளமாக இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஊனமுற்றோர் என்ற சொல் இருந்த இடத்தில் மாற்றுத்திறனாளி வந்தபோதும் நீளம் என்றார்கள். இன்று பேருந்து இருக்கை வரை அது வந்துவிட்டது.

‘நடன சிகிச்சை’ ஏற்கெனவே பரவிவிட்டதால் அதை எழுதுபவர்களோடு சண்டை போட வேண்டியதில்லை. எழுதுங்கள், கூடவே ஒரு வரியில் இது நோய் நீக்கும் முறை இல்லை என்றும் சேர்த்துவிடுங்கள். பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் இல்லாமல் நடக்கும் வகுப்புக்கு ‘ஆடல் வகுப்பு’ என்ற பெயரே போதும், அதில் எந்தக் குறைவும் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஆடும் மேடைக் கலைக்கு ‘இணைந்தாடல்’ பொருந்தும். எந்தப் பெயரை எடுத்தாலும், வருபவரை ‘நோயாளி’ என்று பதிவேட்டில் எழுத வேண்டாம். ‘பங்கேற்பவர்’ என்று எழுதலாம், அல்லது அவர் பெயரையே எழுதலாம்.