டாஸ் லேப்டாப் என்றால் லினக்ஸ் லேப்டாப் இல்லை

கல்லூரி சேர்க்கை முடிந்ததும் என் மேஜைக்கு ஒரே புகார்தான் வரும். புது லேப்டாப், உபுண்டு (லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வகை) போட்டாகிவிட்டது, வைஃபை வரவில்லை. போன வாரமும் ஒரு பையன். “அண்ணா, கடையில கேட்டுட்டுத்தான் வாங்கினேன். டாஸ் மாடல், லினக்ஸ் நல்லா ஓடும்னாங்க” என்றான். வைஃபை சிப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, மாற்ற வழியில்லை. ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிளைச் சொருகி அனுப்பினேன்.

இந்த ‘டாஸ்’ கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடையில் ‘டாஸ்’ என்பது ஃப்ரீடாஸைத்தான். அது 1994இல் தொடங்கிய ஓர் இலவச இயங்குதளம், மைக்ரோசாஃப்டின் பழைய எம்எஸ்-டாஸின் மறு ஆக்கம். விண்டோஸ் உரிமம் இல்லாமல் விலையைக் குறைத்து விற்பதற்காக அதைப் போட்டு அனுப்புகிறார்கள். அவ்வளவுதான். லினக்ஸுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. உள்ளே இருக்கும் வைஃபை, டச்பேட், கைரேகை சென்சார் எதையும் லினக்ஸில் ஓட்டிப் பார்த்தோம் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அதே மாடல் விண்டோஸோடும் விற்கும், உள்ளே அதே போர்டுதான். உபுண்டு போட்டே விற்கும் மாடல் என்றால் சரி, அது வேறு விஷயம்.

அடுத்து, ‘16 ஜிபி ரேம், ஐ7, தாராளமாக ஓடும்’ என்பார்கள். ஓடும், யார் இல்லை என்றது? 8 ஜிபியிலேயே ஓடும். கேட்க வேண்டியது வைஃபை சிப்பின் பெயரை. விளம்பரத்தில் ‘வைஃபை 6’ என்று மட்டும் இருக்கும், அது போதாது. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 போன்றவை என்றால் நிம்மதி. மீடியாடெக், ரியல்டெக் என்றால் எந்தக் கர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி, சிப்புகளை இயக்கும் டிரைவர்கள் இதோடுதான் வரும்) ஆதரவு என்று தேடிப் பாருங்கள். மீடியாடெக் எம்டி7921 சிப்புக்கான டிரைவர் 2021 ஏப்ரலில் 5.12 கர்னலில்தான் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான டெபியன் 11 என்ற லினக்ஸில் இருந்ததோ 5.10 கர்னல். புத்தம்புது டெபியன், ஆனால் அந்தச் சிப்பைத் தெரியாது! அதனால்தான் சொல்கிறேன், நேற்று வந்த மாடலை முதல் லினக்ஸ் லேப்டாப்பாக வாங்காதீர்கள்.

கேமிங்கோ மெஷின் லேர்னிங்கோ இல்லையென்றால் என்விடியா கிராஃபிக்ஸ் சிப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால், செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாததைப் பூட்டில் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும்போது டிரைவர் போட்டால் கடவுச்சொல் ஒன்று வைக்கச் சொல்லும். ரீபூட்டில் நீலத் திரை வரும், அதில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்து அனுமதிக்க வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டு ‘டிரைவர் வேலை செய்யலை’ என்று வராதீர்கள். ஸ்னாப்டிராகன் (போன்களில் இருப்பது போன்ற ஆர்ம் வகை பிராசஸர்) லேப்டாப் பக்கம் ஆரம்பநிலைக்காரர்கள் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

பட்ஜெட் குறைவா? சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் அலுவலகங்களிலிருந்து வரும் பழைய லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட் லேப்டாப்கள் கிடைக்கும். திங்க்பேட் டி480 மாதிரி மாடலில் ரேமை நாமே மாற்றலாம். ஆனால் கடைக்காரரை பயாஸுக்குள் (இயங்குதளம் எழும் முன் வரும் அமைப்புத் திரை) போய்க் காட்டச் சொல்லுங்கள். பழைய நிறுவனம் வைத்த பாஸ்வேர்டு அப்படியே இருந்தால், எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது உபுண்டு ஏற்றிய பென்டிரைவ் கையில் இருக்கட்டும். இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து பூட் செய்து வைஃபை, ஒலி, கேமரா, வெளிச்சம் கூட்டும் பட்டன் எல்லாம் பாருங்கள். மூடியை மூடித் திறந்து, தூங்கி எழுகிறதா என்றும் பாருங்கள். விடமாட்டேன் என்றால் அடுத்த கடை. ஆன்லைனில் வாங்குபவர்கள் உபுண்டுவின் சான்றளித்த பட்டியலில் முழு மாடல் எண்ணையும் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் வேறு வேறு சிப் போட்டு விற்பது சகஜம்.

விண்டோஸோடு சேர்த்துப் போடுகிறவர்களே, தயவுசெய்து முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை எழுதி வையுங்கள், கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுங்கள். லினக்ஸ் போடும்போது டிஸ்க் தெரியவில்லை என்று யூடியூப் பார்த்து பயாஸில் விஎம்டி என்ற இன்டெல் டிஸ்க் அமைப்பை அணைத்துவிட்டு, விண்டோஸும் எழவில்லை, சாவியும் இல்லை என்று வருகிறார்கள். சாவி இல்லாமல் அந்தக் கோப்புகளை என்னால் எடுத்துத் தர முடியாது.

ஏற்கெனவே வாங்கி, வைஃபை வராமல் தவிக்கிறீர்களா? போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், நெட் வந்துவிடும். முதலில் எல்லா அப்டேட்டையும் போட்டு ரீபூட் செய்யுங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். கண்ட இடத்தில் கிடைத்த டிரைவர் ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள், அடுத்த கர்னல் அப்டேட்டில் மறுபடி வைஃபை போய்விடலாம்.