டீல் கோட்டையும் பதினொன்றரை மணிக் காற்றும்

டீல் ரயில் நிலையத்தில் இறங்கியபோது காலை மணி பத்து. ஜூலை மாதம். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், டோவருக்குக் கொஞ்சம் வடக்கே, கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கும் சின்னக் கடலோர ஊர் இது. நடைமேடையிலேயே அனல் அடித்தது. இங்கிலாந்தில் என்ன பெரிய வெயில் என்று நம் ஆட்கள் கேட்பார்கள். இந்தக் கென்ட் பகுதியைச் சேர்ந்த ஃபேவர்ஷாமில்தான் 2003 ஆகஸ்ட் 10 அன்று 38.5 டிகிரி பதிவானது. 2022 ஜூலையில் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரியைத் தொட்டது. இங்கே வீடுகள் குளிரை உள்ளே விடாமல் கட்டியவை, மின்விசிறிக்குக் கொக்கிகூட இருக்காது. அதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த எண்ணின் சூடு தெரியும்.

நான் போன நாள் அவ்வளவு மோசமில்லை, முப்பதை ஒட்டி இருந்திருக்கும். ஆனால் லேசாக மேற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. மேற்குக் காற்றுக்குத் தமிழில் கோடை என்றே பெயர். காய்ந்த நிலத்தைத் தடவிக்கொண்டு வந்த அந்தக் காற்று, டீலின் குறுகிய சந்துகளில் என்னோடு கூடவே கடற்கரை வரை வந்தது.

கடற்கரை என்றால் மணல் இல்லை. முழுக்கக் கூழாங்கல். முட்டை அளவு, எலுமிச்சை அளவு, சில இடங்களில் கடலை உருண்டை அளவு. பெரும்பாலும் சக்கிமுக்கிக் கல்தான். டோவர் பக்கத்துச் சீமைச்சுண்ணாம்புப் பாறைகளுக்குள் வரிவரியாக இருந்தது இந்தக் கல். மென்மையான சுண்ணாம்பு கரைந்து போக, கடினமான இது மட்டும் மிஞ்சி, அலையில் உருண்டு உருண்டு வழவழப்பாகிவிட்டது. செருப்பைக் கழற்றிய மறுநொடி திரும்பப் போட்டுக்கொண்டேன். அப்படிச் சுட்டது.

சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு கையால் கல்லைத் தோண்டிப் பார்த்தேன். மேல் வரிசை சூடு. இரண்டாவது வரிசை வெதுவெதுப்பு. மணிக்கட்டு புதையும் ஆழத்தில் கற்கள் ஈரமாக, ஜில்லென்று இருந்தன. கல்லும் கல்லும் ஒன்றையொன்று புள்ளி புள்ளியாகத்தான் தொடுகின்றன, மற்ற இடமெல்லாம் காற்று. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே விழுகிற வெயில் முழுவதும் மேல் வரிசையிலேயே மாட்டிக்கொள்கிறது, அந்த வரிசை அதைத் தன்மேல் படும் காற்றுக்கு உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

பத்தடி தள்ளிக் கடல். கால் வைத்தால் பல் கிட்டுகிறது. ஒரே சூரியன், ஒரே மணி நேரம், பத்தடிக்குள் இவ்வளவு வித்தியாசம் ஏன்? பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்த பதில் தன்வெப்பம்: ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ கல்லுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். உண்மைதான். ஆனால் அது பாதி பதில், அதுவும் சின்னப் பாதி என்றே சொல்வேன். கல் கனமானது, அதனால் கன அளவில் ஒப்பிட்டால் அந்த ஐந்து மடங்கு இரண்டு மடங்காகச் சுருங்கிவிடும். பெரிய காரணம், கடல்நீர் மேலும் கீழுமாகக் கலப்பது.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இருக்கும் டோவர் நீரிணை குறுகலானது. பெரிய ஓதத்தின்போது டோவரில் கடல்மட்டம் சுமார் 6 மீட்டர் ஏறி இறங்கும்; சென்னையில் இது ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அவ்வளவு தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை இந்த இடுக்கில் போய் வரும்போது, மேல்நீரும் அடிநீரும் ஓயாமல் கலந்துகொண்டே இருக்கும். ஒரு தெளிந்த கோடை நாளில் இங்கே ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் ஏறத்தாழ 25 மெகாஜூல். அது அப்படியே 10 மீட்டர் ஆழத் தண்ணீரில் கலந்துவிட்டால் சூடு ஏறுவது 0.6 டிகிரி மட்டுமே. ஆவியாகிப் போகும் வெப்பத்தைக் கழித்தால் இன்னும் குறைவு. நாளுக்கு இத்தனை கொஞ்சமாக ஏறுவதால்தான் இந்தக் கடல் தன் உச்சச் சூட்டை எட்ட ஆகஸ்ட் கடைசி வரை ஆகிறது. எட்டினாலும் பதினெட்டு பத்தொன்பது டிகிரிதான்.

சரி, சுடுகிற கல்லும் குளிர்ந்த கடலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும்? பதினொன்றரை மணிவாக்கில் நடந்தது. முதலில் மேற்குக் காற்று செத்துப்போனது. கடலுக்குள் நீண்டு நிற்கும் பாலத்தில் (1957-இல் கட்டிய கான்கிரீட் பாலம், கடைசியில் ஒரு டீக்கடை உண்டு) கொடிகள் துவண்டு தொங்கின. கொஞ்ச நேரம் ஒன்றுமே அசையவில்லை. அப்புறம் தூரக் கடலில் ஒரு கருங்கோடு தெரிந்தது. கண்ணாடி போலக் கிடந்த நீரின் மேல் சிற்றலைகள் எழுந்து, அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தது. கோடு கரையை நோக்கி நகர்ந்தது. பாலத்தின் முனையில் இருந்த கொடி முதலில் நிமிர்ந்தது, பிறகு நடுவில் இருந்தது, பிறகு என் சட்டை.

கடற்காற்று. கிழக்கிலிருந்து வருவதால் நம் கணக்கில் கொண்டல். சூடான காற்று மேலே போகிறது, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று வருகிறது என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவார்கள். இடையில் ஒரு படி விட்டுப்போகிறது, அதுதான் எனக்குப் பிடித்த படி. நிலத்தின் மேலிருக்கும் காற்றுத்தூண் சூடாகி விரிகிறது, பொங்குகிற பால் போல உயர்கிறது. உயர்ந்ததால், ஒரு கிலோமீட்டர் உயரத்தில் நிலத்துக்கு மேலே அழுத்தம் கடலுக்கு மேலே இருப்பதைவிடக் கூடுதலாகிறது. எனவே முதலில் மேலேதான் காற்று நகர்கிறது, அதுவும் நிலத்திலிருந்து கடலுக்கு! மேலே கொஞ்சம் காற்று வழிந்து போய்விட்டதால் நிலத்தின் மேலிருக்கும் தூணின் எடை குறைகிறது, தரையில் அழுத்தம் இறங்குகிறது. ரொம்ப இல்லை, ஒரு ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு, மொத்தக் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சின்ன வித்தியாசத்துக்காகத்தான் கீழே கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று கரையேறுகிறது.

எல்லா வெயில் நாளிலும் இது நடக்காது. மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று கரைக்கு அப்பாலேயே நின்றுவிடும். சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. மே மாதத்தில் மேற்குக் காற்று அசராமல் வீசும் நாளில், மதியம் இரண்டு மூன்று மணி வரை கடற்காற்றுக்காகக் காத்திருந்து ஊரே வெந்துபோகும். ஒரே சண்டை, களம்தான் வேறு.

காற்றுக்காகக் காத்திருப்பது டீலுக்கு ரொம்பப் பழைய தொழில். இந்த ஊருக்குத் துறைமுகமே கிடையாது. படகுகளைக் கூழாங்கல் சரிவிலிருந்தே கடலில் தள்ளுவார்கள். ஆனாலும் கரைக்கு எதிரே இருக்கும் கடற்பரப்பு, டவுன்ஸ் என்று பெயர், பாய்மரக் கப்பல்கள் மொய்த்துக் கிடந்த இடம். மேற்கே நிலம் காற்றைத் தடுக்கும். கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் குட்வின் மணல்திட்டு கிடந்து அலையை உடைக்கும். அந்தத் திட்டு ஓதம் வற்றும்போது கிரிக்கெட் ஆடுகிற அளவுக்கு வெளியே தெரியும், ஆடியும் இருக்கிறார்கள். லண்டனிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஆங்கிலக் கால்வாயில் மேற்கே திரும்ப வேண்டும், காற்றோ பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். காற்று மாறும் வரை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், இங்கே நங்கூரம் போட்டுக் கிடப்பார்கள். மதராஸுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களும் இப்படிக் கிடந்தவைதான். காவலான இடம் என்றாலும் எல்லை உண்டு. 1703 நவம்பர் பெரும்புயலில் நான்கு போர்க்கப்பல்கள் அதே குட்வின் திட்டில் மோதி நொறுங்கின, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள்.

இவ்வளவு நல்ல நங்கூரத்தளம் எதிரிக்கும் நல்ல நங்கூரத்தளம்தானே. போப்புடன் முறித்துக்கொண்ட இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு, 1538-இல் கத்தோலிக்கர்களான பிரெஞ்சு மன்னரும் பேரரசர் ஐந்தாம் சார்லஸும் சமாதானமானது வயிற்றில் புளியைக் கரைத்தது. 1539, 1540-இல் அவசர அவசரமாக இங்கே மூன்று கோட்டைகள் எழும்பின: சாண்டவுன், டீல், வால்மர். சாண்டவுனைக் கடல் பெரும்பாலும் தின்றுவிட்டது. டீல் கோட்டையை மேலிருந்து பார்த்தால் பூ மாதிரி. நடுவில் வட்டக் கோபுரம், அதைச் சுற்றி ஆறு சிறு அரைவட்டங்கள், அதற்கும் வெளியே ஆறு பெரிய அரைவட்டங்கள். அரச சின்னமான ரோஜாவை நினைத்துக் கட்டியது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. எந்தப் பக்கம் கப்பல் வந்தாலும் சுட வேண்டும், வருகிற குண்டு வளைவில் பட்டு வழுக்கிப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டால் இந்தப் பூ தானாக மலர்ந்துவிடும். பீரங்கிக்கு மட்டும் 66 இடங்கள்.

அகழியின் மட்டத்தில், வெளி அரைவட்டங்களின் அடியைச் சுற்றி ஒரு ஒடுக்கமான நடைவழி ஓடுகிறது. உள்ளே நுழைந்ததும் தோள் சிலிர்த்தது. குண்டுக்குப் பயந்து கட்டிய சுவர், வெயிலுக்கும் அதே காவலைத் தருகிறது. பகல் சூடு கல்லுக்குள் ஒரு அலை போலப் போகிறது. ஒவ்வொரு 17 சென்டிமீட்டருக்கும் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அரை மீட்டர் தாண்டுவதற்குள் இருபதில் ஒரு பங்குதான் பாக்கி, அதுவும் பன்னிரண்டு மணி நேரம் தாமதமாக, நள்ளிரவில் போய்ச் சேரும். வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் பருவச் சூடு நிதானமானது, அதனால் ஆழமாகப் போகும். 3 மீட்டர் ஆழத்தில் அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதத் தாமதம். அதாவது வெளியே ஜூலை, சுவருக்கு உள்ளே இன்னும் மே.

சுவரைத் தொட்டுப் பார்த்தால் ஈரம். மழை பெய்து பல நாளாகிறது, ஒழுகல் இல்லை. சுவருக்கு வியர்க்கிறது. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் நனைவது போல, கடலோரத்து ஈரக்காற்று கதவு வழியே நுழைந்து, வசந்த காலத்துக் குளிரை வைத்திருக்கும் கல்லில் பட்டு நீராகிறது. காற்றாட்டமாக இருக்கட்டும் என்று வெயில் நாளில் கதவைத் திறந்து வைத்தால் ஈரம் கூடத்தான் செய்யும்.

வெளியே வந்தபோது சட்டைக்குள் காற்று புகுந்து விளையாடியது. பாலத்துப் பக்கம் திரும்பி நடந்தேன். வழியில் உச்சியில் கறுப்புப் பந்துடன் ஒரு கோபுரம். 1855 முதல் கிரீனிச் வானாய்வகத்திலிருந்து தந்திக் கம்பியில் வந்த சைகைக்கு, சரியாக ஒரு மணிக்கு அந்தப் பந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. காற்றுக்குக் காத்திருந்த கப்பல்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டன. கிழக்கு மேற்கில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை நடுக்கடலில் அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். நான்கு நொடி பிசகினால் நிலநடுக்கோட்டில் கணக்கு ஒரு கடல் மைல் தப்பும்.

நான்கு மணிக்கு மேல் கொடிகளைக் கவனித்தேன். காற்று இப்போது நேர் கிழக்கு இல்லை, தெற்குப் பக்கம் சாய்ந்து கரையோடு ஒட்டி வீசியது. பூமி சுழல்வதால் வட பாதியில் நகரும் காற்று வலப்பக்கம் விலகும். காலையில் புறப்பட்ட காற்று மாலைக்குள் இவ்வளவு திரும்பிவிடுகிறது.

திரும்பும் ரயில் டோவர், ஃபோக்ஸ்டோன் வழியாக உள்நாட்டுக்குத் திரும்பியது. கடல் பக்கம் வானம் துடைத்துவைத்தது போல இருந்தது. நிலத்தின் மேல், தூரத்தில், பஞ்சு மேகங்கள் ஒரே வரிசையாக நின்றன. கடற்காற்று அதுவரைக்கும் போயிருக்கிறது; அங்கே சூடான காற்றை முட்டி மேலே தூக்கி மேகமாக்கிக்கொண்டிருக்கிறது. ரயில் அந்த வரிசைக்கு அடியில் நுழைந்து அப்பால் போனது. ஆஷ்ஃபோர்டில் கதவு திறந்ததும், காலையில் டீல் நடைமேடையில் அடித்த அதே அனல் உள்ளே ஏறியது.