சார்ஜ் தொலையும் இடம்

போன ஆடியில் எங்கள் கார் திடீரென்று படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் இரண்டு முறை முனகும், அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் வீடு. கடலிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாசலில் நிற்கும் காரின் கண்ணாடியை விரலால் துடைத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். பட்டறையில் காட்டினேன். பேட்டரி போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே முனகல். இந்த முறை டைனமோவை மாற்றச் சொன்னார்கள். அதற்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், விசைப்படகுகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் என் மச்சான் ஒரு மல்டிமீட்டரோடு வந்தார். ஐந்து நிமிடம் அளந்தார். "டைனமோ நல்லாத்தான் வேலை செய்யுது மாப்ள. அது கொடுக்கிறது பேட்டரிக்கு முழுசாப் போய்ச் சேரல" என்றார்.

கோளாறு, பேட்டரியின் மைனஸை எஞ்சினோடு இணைக்கும் எர்த் கம்பியில் இருந்தது. அந்த ஐந்து நிமிட அளவை எங்கள் கரையில் கார் வைத்திருக்கும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பட்டறைகளில் டைனமோ என்று சொல்லப்படுவது உண்மையில் ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது பெல்ட் அதைச் சுற்றுகிறது. உள்ளே சுழலும் மின்காந்தம், தன்னைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருள்களில் மின்சாரத்தைத் தூண்டுகிறது; 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விளைவு. பிறப்பது மாறுதிசை மின்சாரம். டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. எஞ்சின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் வோல்டேஜ் ஏறக்குறைய நிலையாக இருக்க, சுழலும் காந்தத்துக்குப் போகும் மின்னோட்டத்தை ரெகுலேட்டர் கூட்டிக் குறைக்கிறது. பேட்டரியின் பெரிய வேலை செல்ஃப் அடிப்பதுதான். எஞ்சின் பிடித்த பிறகு விளக்கு, ஏசி, ஃபேன் எல்லாவற்றுக்கும் ஆல்டர்னேட்டரே சோறு போடுகிறது, பேட்டரியில் செலவானதையும் அதுவே நிரப்புகிறது.

சரி, மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் சாவி போடும் முன் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்தால் 12.6 வோல்ட் வர வேண்டும். பேட்டரிக்குள் ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போய்விட்டால் முதலில் வெளிச் சார்ஜரில் நிரப்பிவிட்டுத்தான் மற்றதைச் சோதிக்க வேண்டும். பசியோடு இருக்கும் பேட்டரியை வைத்து எடுக்கும் எந்த அளவும் உங்களைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகும். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் சரியும். நிரம்பிய பேட்டரி 9.6க்குக் கீழே போனால் பேட்டரியே பலவீனம். எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட நிலையில், 13.8க்கும் 14.7க்கும் நடுவில் காட்டினால் நல்லது. புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்தும். பேட்டரி நிரம்பியிருந்தால் வோல்டேஜை வேண்டுமென்றே இறக்கிவைக்கும். அங்கே ஒரு முறை குறைவாகக் கண்டதும் கோளாறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எங்கள் காரில் மச்சான் கண்டது 13.7. ஆல்டர்னேட்டரின் மேலேயே, அதன் பிளஸ் போல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் அளந்தபோது 14.3. பிறக்கும் இடத்தில் 14.3, சேரும் இடத்தில் 13.7. நடுவில் 0.6 வோல்ட் எங்கே போனது?

இதைப் புரிந்துகொள்ள ராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கண்மாய் போதும். மடையில் பாதி தூர்ந்து குப்பை அடைத்திருக்கிறது என்று வையுங்கள். கடைசி வயலில் யாரும் தண்ணீர் பாய்ச்சாதபோது, அடைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீர்மட்டம் சமமாகவே நிற்கும். பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். வயலைத் திறந்துவிட்டு நீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பக்கம் மேடாகவும் அந்தப் பக்கம் பள்ளமாகவும் தெரியும். அரித்துப்போன கம்பியும் அப்படியே. மின்னோட்டம் இல்லாதபோது அதன் இரண்டு முனைகளுக்கும் வோல்டேஜ் வித்தியாசமே இராது. மீட்டரைத் தடை அளக்கும் ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது, ஏனென்றால் மீட்டரின் சொந்த வயர்களின் தடையே அதைவிட அதிகம்.

கணக்கைப் பாருங்கள். எங்கள் எர்த் கம்பியின் தடை சுமார் 0.012 ஓம், ஒன்றுமே இல்லை என்று சொல்லத் தோன்றும் எண். ஆனால் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது, பெருக்கினால் 1.8 வோல்ட் அந்தக் கம்பியிலேயே சூடாகிப் போய்விடுகிறது. முனகலுக்குக் காரணம் அதுதான். அதே கம்பி வழியாக ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியர் அனுப்பும்போது கிட்டத்தட்ட 0.5 வோல்ட் போகிறது. தங்கச்சிமடத்திலிருந்து ராமேஸ்வரம் சந்தைக்குப் போய்த் திரும்பும் குறுகிய ஓட்டத்தில், குறைந்த வோல்டேஜில் பேட்டரி நிரம்ப வழியே இல்லை. புதுப் பேட்டரியும் மூன்று வாரத்தில் வற்றியதன் ரகசியம் இதுதான்.

கண்டுபிடிக்கும் முறை மிக எளிது. எஞ்சின் ஓடட்டும், விளக்குகளையும் ஏசியையும் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும் மைனஸ் ஈயக் குமிழிலும், மறுமுனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் அடைப்பு. பிளஸ் பக்கமும் இதேபோல், ஆல்டர்னேட்டரின் பிளஸ் போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ் குமிழுக்கு, 0.3க்கு மேல் இருக்கக் கூடாது. எங்களுக்கு எர்த்தில் 0.5, பிளஸ்ஸில் 0.1. தொலைந்த 0.6க்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது! முனையை டெர்மினல் கிளிப்பில் வைக்காமல் ஈயக் குமிழில் வைப்பது முக்கியம். பல சமயம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பே இருக்கும்.

இந்தக் கரையில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது? அலை உடையும்போது காற்றுக் குமிழிகள் வெடித்து நுண்ணிய உப்புத் துளிகளைக் காற்றில் ஏற்றுகின்றன. சமையல் உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கரைந்து நீராகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் வேகமானது, 33 சதவீதத்திலேயே நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆக, வெயில் கொளுத்தும் மதியத்திலும் காரின் இடுக்குகளில் படிந்த உப்பு முழுதாகக் காய்வதில்லை. செம்புக் கம்பியும் இரும்புப் போல்ட்டும் ஈயமும் சந்திக்கும் இடத்தில் அந்த ஈரம் நின்றால், அங்கே ஒரு குட்டி மின்கலமே உருவாகி ஓர் உலோகம் இன்னொன்றுக்காகக் கரையத் தொடங்குகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பது காரணம் இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் முழுவதும் பற்றவைத்த இணைப்புகளையும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். உப்புக்கு எப்போதும் பிடித்த இடம் இணைப்புகளின் இடுக்குதான்.

எங்கள் எர்த் கம்பி வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. கம்பியின் நுனியில் போல்ட் மாட்டும் உலோகக் காதுக்கு (லக்) அருகே கறுப்பு உறையைக் கத்தியால் பிளந்தபோது உள்ளே செம்பு இழைகள் பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்தன. இழைகளின் நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உப்புநீர் ஏறியிருக்கிறது. தேய்த்தால் போகாது, கம்பியையே மாற்ற வேண்டியிருந்தது. மச்சான் படகுகளுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். எஞ்சினில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடித்த பிறகு மேலே வேசலின் தடவினார். டெர்மினலில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் அது அமிலத்தின் வேலை. ஆப்பசோடா கரைத்த வெந்நீரை ஊற்றினால் நுரைத்து அடங்கும். பேட்டரியின் மூடித் துளைக்குள் மட்டும் அது போய்விடக் கூடாது. எந்த வேலையானாலும் முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு மைனஸைக் கழற்றுங்கள், கடைசியில் அதை மாட்டுங்கள்.

ஒரு பழைய பழக்கத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டு நிறுத்தச் சொல்வேன். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி அணையவில்லை என்றால் டைனமோ நல்லது என்று பார்ப்பது. அந்த நொடியில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் பல பத்து வோல்ட்டுக்குத் துள்ளும். இன்றைய கார்களின் கணினி அதைத் தாங்காது.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வேறொரு கதை. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், கார் மாதக்கணக்கில் நிற்கும். அணைத்த காரிலும் கடிகாரம், அலாரம், கணினி என்று 50 மில்லிஆம்பியர் வரை கசிவது இயல்பு. நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் ஐந்தரை வாரத்தில் காலி. காலியாகவே கிடக்கும் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிட்டால் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய நிலைக்கு வராது. மைனஸைக் கழற்றிவைத்துவிட்டு விமானம் ஏறினால் போதும். ஓட்டும் காரிலும் ஒரே இரவில் பேட்டரி வற்றினால், மைனஸ் வயருக்கும் குமிழுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் கோத்து, அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள். 50 மில்லிஆம்பியரை, அதாவது 0.05 ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, கசிவு அந்த வழியில்தான்.